வீட்டுக் கணினிக்கும் சர்வருக்கும் திறந்த மூல இயங்குதளம்: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஓர் இயங்குதளத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், அதற்கான ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். கீழே நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரு தேதியைச் சுற்றித்தான் வரும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்களைக் கேட்டால் தெரியும் (லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான திறந்த மூல இயங்குதளக் குடும்பம்). 2019 செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று நம்பி ஏராளமானோர் அதைச் சர்வர்களில் ஏற்றினார்கள். 2020 டிசம்பரில் அதை நடத்திய ரெட் ஹேட் நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது: சென்ட்ஓஎஸ் 8 அடுத்த ஆண்டின் இறுதியோடு முடிகிறது. ஏழு வருடத்துக்கும் மேலான ஆதரவு ஒரே அறிவிப்பில் காணாமல் போனது. இயங்குதளம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் "எத்தனை நாளைக்கு? யார் பொறுப்பில்?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் மாறிவிட்டது. தேர்வு செய்யும்போது இந்த இரண்டையும் கேட்டுவிட்டால், திரையின் அழகு, பிரபலம், வேகம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள்.

முதல் படி: வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்தக் கணினி என்ன வேலை செய்யப்போகிறது என்று எழுதுங்கள். "எல்லாம்" என்று எழுதாதீர்கள். உலாவி, கடிதம் தட்டுவது, படம் பார்ப்பது, பிள்ளைகளின் பாடம், நிரல் எழுதுவது, விளையாட்டு என்று பிரித்து எழுதுங்கள். சர்வர் என்றால் கோப்புச் சேமிப்பா, வலைத்தளமா, வீட்டுக்குள் படம் ஓட்டவா, பல மெய்நிகர் கணினிகளை ஓட்டவா என்று எழுதுங்கள்.

அதே தாளில் இன்னொரு பட்டியலும் வேண்டும்: நீங்கள் விட முடியாத மென்பொருள்கள். லினக்ஸுக்கு மாறிவிட்டுத் திரும்பிப்போகிறவர்களைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். அடோபியின் ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸும் அப்படியே, உலாவியில் ஓடும் வடிவம் மட்டும் உண்டு. லிபர்ஆஃபீஸ் அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மேக்ரோக்கள் நிறைந்த எக்ஸெல் கோப்புகளை அலுவலகத்தோடு தினமும் பரிமாறிக்கொள்கிறவர், மாறுவதற்கு முன்பே அந்தக் கோப்புகளை லிபர்ஆஃபீஸில் திறந்து பார்த்துவிட வேண்டும். விண்டோஸுக்கும் லிபர்ஆஃபீஸ் உண்டு, இன்றைக்கே பார்த்துவிடலாம். விளையாட்டுகள் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் புரோட்டான் கருவி வழியாக நிறையவே ஓடுகின்றன. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில இணைய விளையாட்டுகள் மட்டும் ஓட மறுக்கும்.

கடைசியாக, அந்தக் கணினியைப் பயன்படுத்தப் போவது யார், ஏதாவது கெட்டால் சரிசெய்யப் போவது யார் என்று எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்றால், சரிசெய்கிறவருக்கு நன்றாகத் தெரிந்த இயங்குதளம்தான் முதல் தேர்வு. அப்பாவின் கணினியை நீங்கள் தொலைபேசியில் வழிகாட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அவர் திரையில் இருப்பதும் உங்கள் திரையில் இருப்பதும் ஒன்றாக இருப்பது எவ்வளவு உதவி என்று முதல் அழைப்பிலேயே புரியும்.

இரண்டாம் படி: இயந்திரத்தைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததாலும் செயலி பழையது என்பதாலும் விண்டோஸ் 11-க்குப் போக முடியாத நல்ல கணினிகள் நிறைய இருக்கின்றன. லினக்ஸுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆனாலும் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

செயலி 64 பிட் தானா? டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. மற்ற பெரிய டிஸ்ட்ரோக்களும் (லினக்ஸின் தனித்தனி வடிவங்கள்) அதை ஒவ்வொன்றாக விட்டுவிட்டன.

ரேம் எவ்வளவு? லினக்ஸ் மின்ட் 2 ஜிபியில் ஓடும், வசதியாக வேலை செய்ய 4 ஜிபி வேண்டும். ரேமைத் தின்பது பெரும்பாலும் உலாவிதான் என்பதால், இலகுவான இயங்குதளம் போட்டாலும் 2 ஜிபியில் பத்து தாவல்களைத் திறக்க முடியாது.

வைஃபை சில்லு யாருடையது? இன்டெல் என்றால் கவலையில்லை. பிராட்காம், சில ரியல்டெக் சில்லுகள் பாடாய்ப்படுத்தும். கிராஃபிக்ஸ் அட்டை என்விடியா என்றால் அதன் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஏஎம்டி, இன்டெல் கிராஃபிக்ஸுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

நான்காவது, சர்வராகப் பழைய கணினியை எடுக்கிறவர்களுக்கு: ரெட் ஹேட் 10 வரிசையும் அதைப் பின்பற்றும் ராக்கி லினக்ஸ் 10-உம் புதிய வகைக் கட்டளைத் தொகுப்பு உள்ள செயலியைக் கேட்கின்றன. இன்டெல்லில் அது 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வந்த மலிவான செலரான், பென்டியம் சிலவற்றிலும் அது இல்லை. அல்மாலினக்ஸ் 10 மட்டும் பழைய செயலிகளுக்கும் ஒரு பதிப்பைத் தனியாகக் கட்டித் தருகிறது.

மூன்றாம் படி: வெளியீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்

டிஸ்ட்ரோவின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது நிலையான வெளியீடு. ஒரு நாளில் எல்லா மென்பொருளின் பதிப்பையும் உறைய வைத்து வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு ஆதரவு முடியும்வரை பெரும்பாலும் பாதுகாப்பு, பிழைத் திருத்தங்கள்தான் வரும். டெபியன், உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), மின்ட், அல்மா, ராக்கி எல்லாம் இந்த வகை. இரண்டாவது உருளும் வெளியீடு. புதிய பதிப்பு தயாரானதும் உங்களுக்கு வந்துவிடும், "அடுத்த பதிப்பு" என்று ஒன்றே கிடையாது. ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சூசே டம்பிள்வீட் இந்த வகை. ஃபெடோரா நடுவில் நிற்கிறது: ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு.

"நிலையானது" என்றால் "பழையது" என்று முகம் சுளிக்கிறவர்கள் 2024 மார்ச் 29-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் நிரல்) வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அதை விடாமல் தோண்டிப் போனபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருப்பது தெரிந்தது. அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைக்கும் டம்பிள்வீடுக்கும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. டெபியன் நிலையான வெளியீட்டில் இருந்தது பழைய 5.4 என்பதால் அதைப் போட்டிருந்த சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரெல்லாம் சோதித்துப் பார்த்த பிறகு வாங்கிக்கொள்வதில் இப்படியொரு பாதுகாப்பு இருக்கிறது.

உருளும் வெளியீட்டை நான் குறை சொல்லவில்லை. புத்தம்புதிய வன்பொருளுக்கும், வாரா வாரம் அப்டேட் செய்கிறவர்களுக்கும் அது அருமையானது. கவனிக்க ஆள் இல்லாத கணினியில்தான் அது ஆபத்து. நானே அப்படி ஒன்றில் மாட்டினேன். வீட்டு மூலையில் ஒரு சிறு சர்வர், அதில் உருளும் வெளியீடு ஒன்று. வேலை நெருக்கடியில் ஏழு மாதம் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்டேட் கொடுத்தேன். முதல் வரியிலேயே கையொப்பம் சரியில்லை என்று மறுத்தது. இடைப்பட்ட காலத்தில் பேக்கேஜ்களில் (மென்பொருள் பொதிகளில்) கையொப்பமிடுகிறவர்களின் சாவிகள் மாறியிருந்தன, என் கணினியிடம் இருந்தது பழைய சாவிக்கொத்து. அதைப் புதுப்பித்து உள்ளே போனால், தரவுத்தளம் அடுத்த பெரும்பதிப்புக்குத் தாவியிருந்தது. பழைய பதிப்பு எழுதிய கோப்புகளைப் புதியது திறக்கவில்லை. பேக்கப் இருந்ததால் இரவு பதினொரு மணிக்கு மீண்டேன். அன்றிலிருந்து என் சர்வர்களில் டெபியன்தான்.

நான்காம் படி: வீட்டுக்கு எது?

முதன்முறை மாறுகிறவருக்கு என் பரிந்துரை லினக்ஸ் மின்ட், சின்னமன் என்ற திரைச்சூழலோடு. உபுண்டு எல்டிஎஸ் மேல் கட்டப்பட்டது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு என்று விண்டோஸிலிருந்து வருகிறவர் கை தானாகப் போகும் இடத்தில் எல்லாம் இருக்கும். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. அதை அமைத்துவிட்டால் இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது நகலெடுத்து வைக்கும், அப்டேட்டில் கெட்டுப்போனால் திரும்பிப் போகலாம். கணினி பழையது என்றால் இதே மின்டில் எக்ஸ்எஃப்சிஇ திரையை எடுங்கள்.

உபுண்டு எல்டிஎஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து வருட ஆதரவு. இடையில் வரும் மற்ற வெளியீடுகளுக்கு ஒன்பது மாதம்தான், பெயரில் எல்டிஎஸ் இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஐந்து வருட உறுதி முதன்மைத் தொகுப்புக்குத்தான். யூனிவர்ஸ் என்ற பெரிய தொகுப்புக்கும் முறையான பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் உபுண்டு புரோவில் பதிய வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை அது இலவசம். பதிந்துவிடுங்கள்.

ஃபெடோரா, புதிய மடிக்கணினி வைத்திருக்கும் நிரலாளர்களுக்கு. கெர்னல் புதிதாக இருப்பதால் போன மாதம் வந்த வன்பொருளும் வேலை செய்யும். வருடத்துக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

டெபியனையே வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். முன்பு வைஃபைக்கான ஃபர்ம்வேரை (சில்லை இயங்க வைக்கும் நிரலை) தேடி அலைய வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது. ஆர்ச் கற்றுக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம், அதன் ஆவணங்கள் எந்த டிஸ்ட்ரோக்காரருக்கும் பயன்படும். வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரே கணினியில் அதைப் போட வேண்டாம்.

ஐந்தாம் படி: சர்வருக்கு எது?

இங்கே என் பதில் சுருக்கமானது: வேறு காரணம் இல்லையென்றால் டெபியன். 1993-இல் தொடங்கியது, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, தன்னார்வலர்கள் நடத்துவது. "யார் பொறுப்பில்?" என்ற கேள்விக்கு இதைவிடத் திடமான பதில் எனக்குத் தெரியவில்லை. ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு ஒரே நாளில் இதை நிறுத்திவிட முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மூன்று வருட முழு ஆதரவும் அதற்கு மேல் இரண்டு வருட நீட்டிப்பும் சேர்த்து 2030 வரை போகும். திரைச்சூழல் இல்லாமல் நிறுவினால் 1 ஜிபி ரேம் உள்ள கணினியிலும் நிம்மதியாக ஓடும்.

நீங்கள் ஓட்ட வேண்டிய மென்பொருள் ரெட் ஹேட்டைத்தான் ஆதரிக்கும் என்றாலோ, வேலைக்காக அதைப் பழக வேண்டும் என்றாலோ, அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ். சென்ட்ஓஎஸ் அறிவிப்புக்குப் பிறகு அந்த இடத்தை நிரப்ப 2021-இல் வந்தவை இவை. பத்து வருட ஆதரவு, 9-ஆம் பதிப்புக்கு 2032 வரை.

கோப்புச் சேமிப்புதான் முக்கிய வேலை என்றால் இசட்எஃப்எஸ் என்ற கோப்புமுறை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அது எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கும். வட்டில் ஒரு பிட் சத்தமில்லாமல் கெட்டுப்போனாலும் படிக்கும்போது கண்டுபிடித்து, இன்னொரு வட்டில் உள்ள நல்ல பிரதியிலிருந்து சரிசெய்துவிடும். பத்து வருடப் புகைப்படங்களை வைத்திருக்கிறவருக்கு இதன் அருமை தெரியும். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு திறந்த மூல இயங்குதளத்தில் இசட்எஃப்எஸ் உள்ளேயே இருக்கிறது, நிறுவும்போதே தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸில் உரிமச் சிக்கலால் கெர்னலுக்கு வெளியே தனி மாட்யூலாக நிற்கிறது. உபுண்டு அதைச் சேர்த்தே தருகிறது, டெபியனில் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டி லினக்ஸ் அல்ல, அதன் கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவின் வேலை. அதன் கையேடு ஒன்றைப் படித்தாலே பாதி சர்வர் நிர்வாகம் வந்துவிடும். டாக்கர் கன்டெய்னர்களை (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் முறை) நம்பியிருக்கிறவர்களுக்கு அது பொருந்தாது. ஓப்பன்பிஎஸ்டி, எஸ்எஸ்எச் நிரலாக நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் பிறந்த இடம். ஃபயர்வால், ரூட்டர் வேலைக்கு அழகாகப் பொருந்தும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு வருட ஆதரவுதான்.

எல்லாவற்றையும் உலாவியிலேயே நிர்வகிக்க விரும்பினால் கோப்புச் சேமிப்புக்கு ஓப்பன்மீடியாவால்ட் அல்லது ட்ரூநாஸ், மெய்நிகர் கணினிகளுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ். ட்ரூநாஸுக்கு 8 ஜிபி ரேமாவது வேண்டும்.

ஆறாம் படி: இறக்குங்கள், சரிபாருங்கள்

ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளத்தின் நிறுவி அடங்கிய கோப்பு) அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதோடு நிறுத்தாமல், எஸ்எச்ஏ-256 எண்ணையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) அந்த எண்பட்டியலின் கையொப்பத்தையும் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். சரியான தளத்துக்குப் போனவர்களுக்கும் தவறான கோப்பு கிடைத்தது. தளத்தையே மாற்ற முடிந்தவர் அதில் எழுதியுள்ள எண்ணையும் மாற்றலாம் என்பதால்தான் கையொப்பம் வேண்டும். எல்லாத் திட்டங்களும் செய்முறையைப் படிப்படியாகத் தந்திருக்கின்றன, ஐந்து நிமிட வேலை.

பிறகு ரூஃபஸ் அல்லது எட்ச்சர் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருந்த எல்லாம் அழிந்துவிடும்.

ஏழாம் படி: நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

மின்ட், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமாக ஓடும். வட்டில் ஒன்றும் மாறாது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நிறுவப் போகாமல், ஒரு மாலை முழுக்க அதிலேயே வேலை செய்யுங்கள்.

வைஃபையில் இணைந்து ஒரு பெரிய கோப்பை இறக்குங்கள், நடுவில் அறுகிறதா பாருங்கள். மடிக்கணினி மூடியைச் சாத்தி, இரண்டு நிமிடம் கழித்துத் திறங்கள். திரை வருகிறதா? வைஃபை தானாகத் திரும்ப இணைகிறதா? தொடுபலகையில் இரண்டு விரலால் உருட்டுங்கள். வெளிச்ச விசை, ஒலி விசை ஒவ்வொன்றையும் அழுத்துங்கள். ஹெட்போனைச் செருகுங்கள், பிடுங்குங்கள், ஒலி மாறிப் போகிறதா கவனியுங்கள். ஒரு வீடியோ அழைப்பு போட்டு எதிர்முனையில் குரல் கேட்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் ஸ்பீக்கர் வேலை செய்து மைக் மட்டும் செத்துக்கிடப்பது அடிக்கடி நடப்பது. பிரிண்டர் இருந்தால் ஒரு பக்கம் அச்சிடுங்கள். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்து ஒரு பத்தி தட்டுங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்கள் ஐபஸ் எம்17என் பேக்கேஜைச் சேர்த்துப் பாருங்கள்.

இவற்றில் ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், அதே பென் டிரைவில் புதிய கெர்னல் உள்ள ஃபெடோராவை எழுதி ஒருமுறை பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் சிக்கல் கெர்னலின் வயதில் இருக்கிறது.

எட்டாம் படி: நிறுவுதல்

முதலில் பேக்கப். வெளி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி வட்டை அழிக்காதீர்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கம் இருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் தொடுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், முடிந்தவரை இரண்டாவது வட்டு ஒன்றைப் பொருத்தி அதில் லினக்ஸை நிறுவுங்கள். ஒரே வட்டைப் பங்கிட்டால் விண்டோஸ் அப்டேட் ஒன்று துவக்க வரிசையை மாற்றிவிட, லினக்ஸ் எங்கே என்று தேட வேண்டி வரலாம். மடிக்கணினி என்றால் முழு வட்டையும் குறியாக்கம் செய்யும் தெரிவை நிறுவும்போதே எடுங்கள், பிறகு சேர்ப்பது பெரும் வேலை. ஹோம் கோப்புறையைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்தால், நாளைக்கு டிஸ்ட்ரோவை மாற்றினாலும் கோப்புகள் அப்படியே இருக்கும். கோப்புமுறை எது என்று தெரியாவிட்டால் எக்ஸ்ட்4. அவ்வளவு போதும்.

ஒன்பதாம் படி: சர்வரின் முதல் ஒரு மணி நேரம்

சர்வரை இணையத்தில் திறந்து வைத்தால், சிறிது நேரத்திலேயே யாரோ கடவுச்சொல்லை ஊகிக்கத் தொடங்கியிருப்பது பதிவேட்டில் தெரியும். அவை தானியங்கி நிரல்கள், உங்களைத் தனியாகக் குறிவைக்கவில்லை. அதனால் வரிசை முக்கியம்.

எல்லா அப்டேட்டையும் போடுங்கள். ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) அல்லாத ஒரு பயனரை உருவாக்குங்கள். உங்கள் கணினியில் எஸ்எஸ்எச் சாவி உருவாக்கி, பொதுச்சாவியைச் சர்வரில் சேருங்கள். சாவியால் நுழைய முடிகிறதா என்று இன்னொரு சாளரத்தில் பாருங்கள். முடிந்தால் மட்டும், கடவுச்சொல்லால் நுழைவதையும் ரூட்டாக நுழைவதையும் அமைப்புக் கோப்பில் தடுங்கள். பழைய சாளரத்தை மூடாமல் இதைச் செய்ய வேண்டும். ஏதாவது பிழையானால் திரும்பிப் போக அந்தத் திறந்த சாளரம்தான் வழி. அடுத்து ஃபயர்வால்: எஸ்எஸ்எச்சை முதலில் அனுமதித்துவிட்டு, பிறகு மற்றதையெல்லாம் அடையுங்கள்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்படும்படி அமையுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் இதற்குத் தனிப் பேக்கேஜ் உண்டு. சர்வரில் தானியங்கி அப்டேட் ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். நிலையான வெளியீட்டில் வருவது சிறு திருத்தங்கள்தான் என்பதால், வீட்டுச் சர்வரில் அப்டேட் போட மறந்துபோவதுதான் பெரிய ஆபத்து. பேக்கப்பையும் அன்றைக்கே அமைத்துவிடுங்கள்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே.

பத்தாம் படி: அடுத்த பதிப்புக்கு மாறுவது

ஆதரவு முடிகிற நாள் வரை காத்திருக்க வேண்டாம், புதிய பதிப்பு வந்த முதல் வாரத்தில் பாயவும் வேண்டாம். டெபியனில் நான் முதல் ஒன்றிரண்டு திருத்த வெளியீடுகள் வரும்வரை பொறுத்துவிட்டு மாறுவேன். பதிப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 11-இல் இருந்தால் முதலில் 12, பிறகுதான் 13. மாறும் முன் அந்த வெளியீட்டின் குறிப்புகளை முழுக்கப் படியுங்கள். உங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள்களின் பதிப்பு எங்கிருந்து எங்கே தாவுகிறது என்று பார்த்து, தரவுத்தளம் இருந்தால் அதைத் தனியாக ஏற்றுமதி செய்து வையுங்கள்.

நான் ஒவ்வொரு கணினியின் பக்கவாட்டிலும் சின்னத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். டிஸ்ட்ரோவின் பெயர், பதிப்பு, நிறுவிய நாள், ஆதரவு முடியும் நாள். கடைசி வரியில் உள்ள நாளுக்கு ஆறு மாதம் முன்பாக நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல். இப்போது மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் தாளில் "டெபியன் 13, 2030" என்று இருக்கிறது.